நாயின் மீசையை வெட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ரூமிங் மேசையில் நாயைத் தூக்கி வைத்ததும் பாதிப் பேர் சொல்வது, "அண்ணா, மூஞ்சியை மட்டும் கொஞ்சம் நீட்டா எடுத்துடுங்க" என்பதுதான். அந்த 'நீட்டா'வில் மீசையும் சேர்த்தியா என்று திருப்பிக் கேட்டால் சட்டென்று பதில் வராது. "ஏன், அதை எடுக்கக் கூடாதா?" என்பார்கள். அங்கிருந்து தொடங்கும் கேள்விகளும், வீட்டுக்குப் போன பிறகு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளும் இவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வெட்டலாமா, கூடாதா?

வெட்ட வேண்டாம். வெட்டினால் வலிக்காது, உடம்புக்குப் பெரிய கெடுதலும் வராது, திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் வளர்கிற வரைக்கும் நாயின் தொடு உணர்வு ஒன்று மழுங்கிக் கிடக்கும். அதற்குப் பதிலாக நாய்க்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. முகம் வழுவழுவென்று இருப்பது பார்க்கிற நமக்குத்தான் பிடிக்கிறது. வெட்டித்தான் ஆக வேண்டிய சில சமயங்கள் உண்டு, அவற்றைக் கீழே சொல்கிறோம்.

மீசையும் முடிதானே? அதில் என்ன விசேஷம்?

வெளியே தெரிகிற பகுதி வெறும் முடிதான். நகம் மாதிரி உயிரற்ற பொருள், உள்ளே நரம்பு கிடையாது. விசேஷம் எல்லாம் தோலுக்கு அடியில். மற்ற முடியைவிட மீசை தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும். அதன் வேர் சுமார் மூன்று மடங்கு ஆழத்துக்கு இறங்கியிருக்கும். அந்த வேரைச் சுற்றி இரத்தம் நிரம்பிய ஒரு பை, பையின் சுவரெங்கும் நரம்பு முனைகள். மீசை நுனியில் ஏதாவது பட்டால் அசைவு வேர் வரை போகும். தூண்டிலில் மீன் கடித்தால் கோலைப் பிடித்திருக்கிற கைக்குத் தெரிகிறதே, அந்த மாதிரி. காற்று லேசாகத் திசை மாறினாலும் இப்படித் தெரிந்துவிடும். அங்கிருந்து முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் ஐந்தாவது மூளை நரம்பு வழியாகச் செய்தி மேலே போகிறது.

மூளையில் இது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை எலிகளிடம்தான் முதலில் தெளிவாகக் கண்டுபிடித்தார்கள். 1970இல் தாமஸ் வுல்சி, ஹென்ட்ரிக் வான் டெர் லூஸ் என்ற இருவர், சுண்டெலி மூளையில் ஒவ்வொரு மீசை முடிக்கும் தனித்தனியாக ஒரு செல் கூட்டம் பீப்பாய் வடிவில் இருப்பதை எழுதினார்கள்.

அதற்காக நாயை எலியோடு அப்படியே ஒப்பிட முடியாது. எலி மீசையை நொடிக்குப் பல முறை முன்னும் பின்னும் ஆட்டித் துழாவித்தான் நடக்கும். நாய் அப்படிச் செய்யாது, அதற்கு மூக்குதான் முதல். மீசை மூக்குக்கும் கண்ணுக்கும் துணை. "மீசை போனால் நாய் தடுமாறி விழும்" என்று எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். நல்ல பார்வையுள்ள, ஆரோக்கியமான நாய்க்கு அப்படியெல்லாம் ஆகாது.

வீட்டுக்குள் சோபாவில் படுத்திருக்கிற நாய்க்கு மீசையால் என்ன வேலை?

ஒரு பிஸ்கட் துண்டை அதன் முன்னங்கால்களுக்கு நடுவில் போட்டுப் பாருங்கள். விழுந்த இடம் தெரிந்தாலும் நேராக வாயைக் கொண்டுபோய் எடுக்காது. மூக்கைத் தரையோடு இழைத்துக்கொண்டு வரும், மோவாய் முடி துண்டின் மேல் உரசும், அப்புறம்தான் உதடு திறக்கும். தூரத்தில் ஓடுகிற அணிலைச் சட்டென்று பிடித்துவிடும் நாயின் கண்ணுக்கு, மூக்கு நுனிக்குக் கீழே கிடக்கிற பொருள் மங்கல்தான். மிக அருகில் இருப்பதன் மேல் அதன் பார்வை குவியாது. போதாததற்கு மூக்கும் வாயும் குறுக்கே நிற்கின்றன. அந்தக் கடைசிச் சாண் தூரத்தைப் பார்த்துக்கொள்வது மூக்கும் மீசையும். தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பு எங்கே, கட்டிலுக்கு அடியில் தலை எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் இதே கணக்கு.

கண்ணுக்கு மேலே, நமக்குப் புருவம் இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று நீள முடி நிற்கும். நாய் அமைதியாக இருக்கும்போது, அது பார்க்காத பக்கமிருந்து அதன் நுனியை மட்டும் விரலால் லேசாகத் தொடுங்கள். அந்தப் பக்கத்துக் கண் டக்கென்று மூடும். சீமைக் கருவேலப் புதரில் முயல் துரத்திப் போகிற நாய்க்கு அந்த இமைப்புதான் முள்ளிலிருந்து காப்பு. பால்கனியில் துளசிச் செடிக்குள் மூக்கை விடுகிற பக் நாய்க்கும் அதே காப்புதான். சொல்லப்போனால் பக், ஷிட்சூ மாதிரி கண் பிதுங்கிய, மூக்கு சப்பையான இனங்களுக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை. நீள மூக்கு நாய்க்கு முதலில் மூக்குதான் இடிக்கும். இவற்றுக்கு மூக்கும் கண்ணும் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருப்பதால் கருவிழிப் புண் சுலபமாக வந்துவிடும். எங்களைக் கேட்டால், மீசையில் எதை வெட்டினாலும் இந்தப் புருவ முடியை மட்டும் வெட்டக் கூடாது.

எது மீசை, எது சாதாரண முடி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லேப்ரடார், ராஜபாளையம் போன்ற குட்டை முடி இனங்களில் கேள்வியே இல்லை, தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று மட்டும்: வெள்ளை ராஜபாளையத்துக்கு மீசையும் வெள்ளையாகவே இருப்பதால் "எங்கள் நாய்க்கு மீசையே இல்லை" என்பார்கள். வெளிச்சத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

ஷிட்சூ, லாசா மாதிரி முகமெல்லாம் முடி உள்ள நாய்களில் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மென்மையான முடிக்கு நடுவில் நைலான் இழை மாதிரி ஒன்று தட்டுப்பட்டால் அது மீசை. வேரில் தடித்து நுனியில் கூர்மையாக முடியும். மேல் உதட்டில் வரிசையாக, கண்ணுக்கு மேலே, இரண்டு கன்னத்திலும், மோவாயில், தாடைக்கு அடியில் தொண்டைப் பக்கம் ஒரு சின்னக் கொத்து என்று இடம் மாறாமல் இருக்கும்.

கன்னத்தில் கறுப்பாக ஒரு மரு இருக்கிறது. உண்ணியா?

இதைக் கேட்டுவிட்டுச் செய்கிறவர்களுக்கு நன்றி. கேட்காமல் பிடுங்கப் பார்த்து இரத்தம் வந்த பிறகு கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் மீசை முளைக்கும் இடம் சின்ன மரு மாதிரி மேடாக இருக்கும். நம் ஊரில் உண்ணித் தொல்லை அதிகம் என்பதால் கை பட்டதும் உண்ணி என்றே தோன்றும். எதையும் பிடுங்குவதற்கு முன் மறு கன்னத்தைத் தடவிப் பாருங்கள். அங்கேயும் ஏறக்குறைய அதே இடத்தில் அதே மேடு இருந்தால் அது மீசை வேர். நடுவிலிருந்து ஒன்றோ இரண்டோ விறைப்பான முடி கிளம்பியிருக்கும். உண்ணிக்குக் கால்கள் இருக்கும், இரண்டு பக்கமும் அளந்து வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளாது. அதன் கீழே தோல் தனியாகத் தெரியும். மரு தோலோடு சேர்ந்தே நகரும்.

திடீரென்று பெரிதாகிற, புண்ணாகிற, ஒரு பக்கம் மட்டும் வந்திருக்கிற மரு வேறு விஷயம். அதை டாக்டரிடம் காட்டுங்கள்.

க்ரூமர் கேட்காமலேயே வெட்டிவிட்டார். இப்போது என்ன செய்ய?

ஒன்றும் செய்ய வேண்டாம், வளரும். சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிகிற அளவு வந்துவிடும், முழு நீளத்துக்கு ஒன்றரை இரண்டு மாதம்கூட ஆகலாம். வயதான நாய்க்கு இன்னும் கொஞ்சம் மெதுவாக வளரும். எண்ணெய் தடவினால் சீக்கிரம் வளரும் என்று சொல்லி நாயின் மூஞ்சியில் விளக்கெண்ணெய் பூசுகிறார்கள். நாய் அதை நக்கி வயிறு கலங்குவதுதான் மிச்சம்.

க்ரூமரைத் திட்டுவதற்கு முன் ஒன்று. முகத்தில் கிளிப்பர் என்ற முடி மழிக்கும் மின்கருவியை ஓட்டினால் மீசையும் சேர்ந்துதான் போகும். சீட்டில் 'ஃபேஸ் க்ளீன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மீசை எங்கே என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? அடுத்த முறை விடும்போதே, "முகத்துக்குக் கிளிப்பர் வேண்டாம், கத்தரி மட்டும். மீசையையும் புருவ முடியையும் விட்டுடுங்க" என்று சொல்லிவிடுங்கள். நல்ல க்ரூமர் கோபித்துக்கொள்ள மாட்டார். வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

வெட்டும்போது நாய்க்கு வலிக்குமா?

கத்தரியால் வெட்டினால் வலிக்காது. ஆனால் கத்தரி முடியைத் தொட்டு அசைக்கிற அசைவு வேரில் தெரியும். அதனால்தான் உடம்பு முழுக்க வெட்டும்போது தூங்கி வழிகிற நாய்கூட மூஞ்சிக்கு வந்ததும் தலையைப் பின்னால் இழுக்கும். பிடுங்கினால் நன்றாகவே வலிக்கும். பிடுங்கவே கூடாது.

பூடிலுக்கு முகத்தை மழித்துத்தானே விடுகிறார்கள்?

ஆமாம். பூடிலின் முகம், தொண்டை, பாதம் மூன்றையும் மழிப்பது ஷோ வெட்டுகளின் அடிப்படையே. ஒவ்வொரு நாய் இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் வரையறையில் அது அப்படியே இருக்கிறது. மழித்தால் மீசை தப்பாது. தலைமுறை தலைமுறையாக அந்த நாய்கள் அப்படியே வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. மீசை இல்லாவிட்டால் நாய் பிழைக்காது என்பதற்கு எதிரான நல்ல சாட்சி அதுதான்.

ஆனால் வீட்டில் வளர்கிற பூடிலுக்கு அந்தச் சட்டம் இல்லையே. முகத்தில் முடியை உருண்டையாக விடும் 'டெட்டி பேர்' வெட்டு கேளுங்கள். அதைக் கத்தரியால் செய்வதால் மீசையைத் தேடி ஒதுக்கிவிட முடியும். சுற்றி முடி இருப்பதால் மீசை துருத்திக்கொண்டும் தெரியாது.

ஷோவுக்குக் கொண்டுபோகிறோம். மீசை இருந்தால் மார்க் குறையுமா?

இனத்தைப் பொறுத்தது. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் கோல்டன் ரெட்ரீவர் வரையறை, மீசையை எடுக்க அனுமதி உண்டு, ஆனால் அது விரும்பத்தக்கதல்ல என்று சொல்கிறது. அப்படி வெளிப்படையாகச் சொல்லாத இனங்களிலும், முகக் கோடு துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று வெட்டுகிற வழக்கம் ஷோக்காரர்களிடம் நெடுநாளாக இருக்கிறது. டாபர்மேன், பாக்சர் முகங்களில் இதைப் பார்க்கலாம். வழக்கம் வேறு, விதி வேறு. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையிடம் சென்னையிலேயே இருக்கிறது. உங்கள் நாயின் இனத்துக்கு எந்த வரையறை என்பதை வாங்கிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். "எல்லாரும் வெட்டுறாங்க" என்பதை வைத்து வேண்டாம்.

சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாய்கள். முகத்தில் வெட்டிச் சீர்ப்படுத்த ஏதும் கிடையாது. அவற்றுக்கு யாராவது மீசை வெட்டச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

குதிரை உலகில் இந்த விவாதம் முடிந்தேவிட்டது. மூக்கையும் கண்ணையும் சுற்றியுள்ள உணர்முடிகளை வெட்டிய, மழித்த குதிரைகள் தங்கள் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை 1 முதல் விதி கொண்டுவந்தது. மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. நாய் ஷோக்களும் அந்தப் பக்கம் நகர்ந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

எங்கள் ஷிட்சூ தாடியெல்லாம் தயிர் சாதம். நாற்றம் தாங்கவில்லை. வெட்டாமல் என்ன செய்வது?

தாடியை வெட்டுங்கள், தாராளமாக. தாடி வேறு, மீசை வேறு. சாதம் ஒட்டுவதும் ஈரம் காயாமல் நாறுவதும் அடர்ந்த மென்மையான முடியில்தான். விறைப்பான பத்துப் பதினைந்து மீசை முடியில் ஒன்றும் தங்காது.

உதட்டின் கீழ் விளிம்பை ஒட்டிய முடியைக் குட்டையாக்கினால் பாதித் தொல்லை தீரும். சாப்பிட்டதும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டாவது வேலையைப் பலர் விட்டுவிடுவார்கள், நாற்றம் வருவதே அந்த மிச்ச ஈரத்தில்தான். குழைந்த சாதத்தை ஆழமான கிண்ணத்தில் வைக்காமல் அகலமான தட்டில் வையுங்கள். வெள்ளை முடி செம்பட்டையாக மாறுவதற்கு எச்சிலிலும் கண்ணீரிலும் உள்ள போர்ஃபிரின் என்ற நிறமி காரணம், அழுக்கு அல்ல, எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது.

துடைத்தும் நாற்றம் போகவில்லை என்றால் தாடியை விட்டுவிட்டு வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

அகன்ற தட்டு மீசை இடிக்காமல் இருப்பதற்காகவா?

இல்லை. கிண்ண விளிம்பில் மீசை உரசி உரசிப் பூனைக்குச் சலித்துப்போவதை 'மீசைக் களைப்பு' என்று பூனை வளர்ப்பவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். நாய்க்கு அந்தக் கவலை வேண்டாம். அகன்ற தட்டு தாடி நனையாமல் இருக்கத்தான்.

கூட்டிப் பெருக்கும்போது தரையில் மீசை முடி கிடக்கிறது. நோயா?

ஒன்றிரண்டு கிடந்தால் இயல்பு. மற்ற முடி மாதிரி மீசையும் காலம் முடிந்து உதிரும், அதே இடத்தில் புதிது வரும். இரண்டு மூன்று குட்டிகள் ஒன்றாக வளர்கிற வீட்டில் ஒன்றின் மீசையை இன்னொன்று கடித்துக் குட்டையாக்கி வைத்திருக்கும். தாய் நாயும் சில சமயம் இந்த வேலையைச் செய்யும்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது என்றால், மீசையோடு சேர்ந்து சுற்றியுள்ள முடியும் வட்ட வட்டமாகக் கொட்டினால், கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் தோல் சிவந்து செதில் உதிர்ந்தால், மோவாயில் பருப்பருவாக வந்து சீழ் வைத்தால். முதல் இரண்டும் படர்தாமரையாகவோ டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியால் வரும் சொறியாகவோ இருக்கலாம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் எது என்று தெரியும். படர்தாமரை வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒட்டும், அதனால் தள்ளிப்போட வேண்டாம். மோவாய்ப் பரு பாக்சர், டாபர்மேன் போன்ற குட்டை முடி இனங்களின் இளம் நாய்களுக்குத்தான் அதிகம். பிதுக்கக் கூடாது.

மீசை வெள்ளையாகிவிட்டது, மூன்று வயதுதான் ஆகிறது.

கறுப்பு நாய்க்குக்கூடப் பிறவியிலேயே ஒன்றிரண்டு வெள்ளை மீசை இருக்கலாம். வாயைச் சுற்றி முடியே நரைக்கிறது என்றால் பெரும்பாலும் இனம், பரம்பரை. ஒரு சுவாரசியமான ஆய்வு உண்டு. ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட 400 நாய்களைப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள், ஆய்வாளர்களில் ஒருவர் விலங்கு நடத்தை நிபுணர் டெம்பிள் கிராண்டின். பதற்றமும் படபடப்பும் அதிகமுள்ள நாய்களுக்குச் சின்ன வயதிலேயே வாய்ப்புறம் நரைப்பது கூடுதலாக இருந்தது. நரைத்த நாயெல்லாம் கவலைப்படுகிற நாய் என்று இதற்கு அர்த்தமில்லை. உங்கள் நாய் பட்டாசுக்கும் இடிக்கும் நடுங்குகிற வகை என்றால் அதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

கண்புரை வந்த கிழட்டு நாய். முகத்தை வெட்டலாமா?

மீசையைத் தொடவே தொடாதீர்கள். மேலே "ஆரோக்கியமான நாய்க்கு ஒன்றும் ஆகாது" என்று சொன்னது இதற்குப் பொருந்தாது. பார்வை குறைந்த நாய் சுவரோரம், கதவு விளிம்பு, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றையும் மூக்காலும் மீசையாலும் அறிந்துதான் நடமாடுகிறது. சர்க்கரை நோய் உள்ள நாய்க்குப் புரை வேகமாக வரும் என்பதால் அதற்கும் இதுவே. நாற்காலி மேசையை இடம் மாற்றாதீர்கள் என்று சொல்கிறோமே, அதே பட்டியலில் இதையும் வையுங்கள்.

அப்படியானால் எப்போதுதான் வெட்டலாம்?

தையல் போட வேண்டிய காயம், மருந்து பூச வேண்டிய தோல் நோய், பிரிக்கவே முடியாத சிக்கு. இவற்றில் டாக்டர் மழிக்கச் சொன்னால் மழிக்கத்தான் வேண்டும். அப்போது போய் மீசையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, கண்ணுக்குள் குத்துகிற முடி. பக், பெக்கினீஸ் நாய்களின் மூக்கு மடிப்பில் உள்ள முடி திரும்பிக் கருவிழியில் உரசும். கண்ணில் எப்போதும் நீர் வடிந்தபடி இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். அது மீசை இல்லை, சாதாரண முடிதான். வீட்டில் வெட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள், சில நாய்களுக்கு அந்த மடிப்பையே சரி செய்ய வேண்டியிருக்கும்.

கத்திரி வெயிலுக்கு மொட்டை போடும்போது மீசையையும் எடுத்தால் குளுமையாக இருக்குமா?

இருக்காது. நாய் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பதால்தான். நாலு மீசை முடி அதற்குக் குறுக்கே வராது.

வீட்டிலேயே முகத்தைச் சரி செய்கிறேன். மீசை தப்பிக்க ஏதாவது வழி?

நுனி மழுங்கிய சின்னக் கத்தரி வாங்குங்கள், தையல் கத்தரி வேண்டாம். ஆண்கள் சவரம் செய்யும் ரேசர் பக்கமே போகாதீர்கள். நாய் ஓடி விளையாடிக் களைத்த பிறகு, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். ஒரு கை மோவாயைத் தாங்கட்டும். முதலில் சீப்பால் முடியைப் படிய வாருங்கள், படியாமல் விறைத்து நிற்பது மீசை. அதை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வெட்டுங்கள். கண்ணோரம் கத்தரியின் முனை எப்போதும் கண்ணுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். நாய் தலையை ஆட்டினால் கையை எடுத்துவிட்டு, ஒரு துண்டு கேரட் கொடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை, வலது பக்கம் இன்றைக்கு, இடது பக்கம் நாளைக்கு.

சின்னப் பையன் விளையாட்டாக ஒரு பக்க மீசையை மட்டும் வெட்டிவிட்டான். மறுபக்கத்தையும் சமமாக வெட்டிவிடட்டுமா?

வேண்டவே வேண்டாம். ஒரு பக்கமாவது இருக்கட்டும். கத்தரியைப் பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நாய் மூஞ்சிக்கு அருகில் கத்தரி கொண்டுபோன பிள்ளைக்குக் கடி விழாமல் போனதே பெரிய விஷயம்.